எந்தச் சிவப்பு

இரண்டு தாளும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இடது பக்கத் தாளைப் பார்க்கிறேன், வலது பக்கத் தாளைப் பார்க்கிறேன், மறுபடியும் இடது. அதே கல்யாணப் பெண், அதே பட்டுப்புடவை, அதே நெற்றிச்சுட்டி. ஒன்று ஜன்னலோரம் நிற்கும் பிரிண்டிங் மெஷினில் வந்தது, இன்னொன்று சுவரோரம் நிற்கும் மெஷினில். "பொறுமையா பாருங்க சார், ஒண்ணும் அவசரமில்ல," என்கிறார் ஜெரால்டு. விற்பனைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. நான் பொறுமையாகப் பார்ப்பதாக நினைக்கிறார். தேனியிலிருந்து காலை பஸ் பிடித்து மதுரை பைபாஸ் ரோட்டில் இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பக்கத்தில் பவளக்கொடி, மடியில் கைப்பை, கைப்பை மேல் இரண்டு கை. அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள். புடவை என்ன கலர் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் படத்தை பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்ததே நாங்கள்தான், அரக்கு என்று பவளம் சொல்லியிருந்தாள். அரக்கு. அந்த வார்த்தை மண்டைக்குள் இருக்கிறது. தாளில் இருப்பது ஈரமண். ஈரமண் நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், இரண்டு தடவை.

ஏசி முதுகில் அடிக்கிறது. காலருக்குள் கழுத்துத் தழும்பு அரிக்கிறது, சொறியக் கூடாது, சொறிந்தால் பவளம் பார்ப்பாள், பார்த்தால் மறுபடி கட்டியா என்று பயப்படுவாள். கட்டி கரைந்துவிட்டது. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள் தவறவில்லை, காலையில் வெறும் வயிற்றில் அத்தனையையும் விழுங்கிவிட்டு அவள் முன்னால் வாயைத் திறந்து காட்டுவேன், குழந்தை மாதிரி. டிபி என்று வெளியே யாருக்கும் சொல்லவில்லை, கழுத்தில் நீர்க்கட்டி என்றோம். முதல் மாசம் சிறுநீர் ஆரஞ்சாகப் போனது. ரத்தமோ என்று கத்திவிட்டேன், டாக்டர் சிரித்தார், மாத்திரையோட கலர்தான், அப்படித்தான் போகும் என்றார். நாலாவது மாசம் ஒரு நாள் பார்க்கிறேன், ஆரஞ்சு இல்லை, வெறும் அழுக்கு மஞ்சள். உடம்பு தேறிவிட்டது என்று எத்தனை சந்தோஷப்பட்டேன். பவளத்திடம் போய்ச் சொன்னேன்கூட, சரியாப் போச்சு பவளம், சுத்தமாத் தெளிஞ்சிருச்சு என்று. அன்றைக்கு அவள் பருப்பு வடை போட்டாள். வடை தின்றுகொண்டே நான் குருடாகிக்கொண்டிருந்தேன். இல்லை, குருடு இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. எழுத்து தெரிகிறது. ஜெரால்டு சட்டைப் பையில் குத்தியிருக்கும் பேர்ப்பட்டை தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே லாரி தெரிகிறது, லாரியின் நம்பர் தெரிகிறது. லாரி என்ன கலர் என்பதுதான். அது ஒன்றுதான்.

அதே வாரத்தில்தான் அந்தப் பூ. கடைக்குக் கிளம்பும்போது அவள் முன்னால் நடந்தாள், கொண்டையில் கனகாம்பரம். "வாடின பூவ ஏன் வச்சிட்டு வர?" என்று கேட்டேன். சட்டென்று நின்றாள். "இப்பதான வாசல்ல வாங்குனேன். நீங்கதான காசு குடுத்தீங்க?" முகம் சுண்டிப்போய்விட்டது. ஏதோ வேண்டுமென்றே சொன்னதாக நினைத்து அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. நான் கடையில் உட்கார்ந்து அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த சருகு. கண்ணை மூடித் திறந்தேன், சருகு. ட்யூப்லைட்டுக்குக் கீழே அவள் வந்து நின்றபோதும் சருகு. அப்போது ஞாபகம் வந்தது. முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார், இதில் ஒரு மாத்திரை லட்சத்தில் ஒருத்தருக்குக் கண்ணைத் தொடும், சிவப்பு பச்சை மங்குற மாதிரி இருந்தா அன்னைக்கே ஓடி வந்து சொல்லணும், நிறுத்திட்டா பெரும்பாலும் திரும்பிரும் என்று. லட்சத்தில் ஒருத்தரா, ஆயிரத்தில் ஒருத்தரா, அதுகூட இப்போது நினைவில்லை. ஒவ்வொரு மாசமும் கேட்டார். "கலரெல்லாம் நல்லாத் தெரியுதா?" நாலாவது மாசமும் கேட்டார். பவளம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் எனக்கு முந்திக்கொண்டு, "இவுக கலர் பாக்குறவுக சார், அச்சாபீஸ், அதெல்லாம் சூப்பராத் தெரியும்," என்று சிரித்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன். தெரியுது சார் என்றேன். ஏன் சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைக்கு எத்தனை தடவை திரும்பிப் போய்விட்டேன், அந்த ஸ்டூல், மேசை மேல் ரப்பர் முத்திரை, பின்னால் இருமிக்கொண்டிருந்த வரிசை, எல்லாம் அப்படியே இருக்கிறது, அங்கே உட்கார்ந்து வாயைத் திறந்தால் மறுபடியும் தெரியுது சார் என்றுதான் வருகிறது. மாத்திரையை நிறுத்தினால் கட்டி திரும்பி வந்துவிடும் என்று பயந்தேனா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆட்கள் புடவைத் துண்டைக் கிழித்துக் கொண்டுவந்து, இதே கலர்ல பத்திரிகை வேணும், தனுஷ்கோடி அண்ணன் கண்ணால பாத்துச் சொல்லட்டும் என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த தனுஷ்கோடி டாக்டர் முன்னால் உட்கார்ந்து எனக்குச் சிவப்பு தெரியவில்லை என்று எப்படிச் சொல்வான். ஐந்தாவது மாசமும் தெரியுது சார். ஆறாவது மாசமும். மாத்திரை முடிந்து இரண்டு மாசம் ஆகிறது. தினமும் காலையில் சாமி படத்துக்கு முன்னால் குங்குமச் சிமிழைத் திறந்து பார்க்கிறேன். செங்கல் பொடி. தினமும்.

"சார்?" ஜெரால்டு குனிந்து பார்க்கிறார். "வெளிச்சம் வேணும்னா ஜன்னல்கிட்ட போய்ப் பாக்கலாம் சார்." வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். வெளிச்சம் என்ன செய்யும். கடையிலும் இப்படித்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்தப் பழைய மெஷின் பாவம். அது ஒரு தப்பும் செய்யவில்லை. நான்தான் ஒவ்வொரு வேலைக்கும் சிவப்பு பத்தவில்லை, பத்தவில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. பிறகு பச்சை. ஏலக்காய்க்கடை சௌந்தரபாண்டி பாக்கெட் லேபிள் வாங்கிக்கொண்டுபோய் மறுநாளே திரும்பி வந்தார். "என்னண்ணே இது, ஏலக்காய் மாதிரியா இருக்கு? பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கு." மெஷினுக்கு வயசாயிருச்சு பாண்டி என்றேன். வாயில் வந்துவிட்டது. எவ்வளவு லேசாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு கல்யாண ஆல்பம், மாப்பிள்ளை முகமெல்லாம் வெயிலில் நின்று வெந்த மாதிரி இருக்கிறது என்றார்கள், அதற்கும் மெஷின். சர்வீஸ் ஆள் வந்து கழற்றிப் பார்த்தார், டிரம்மை மாற்றினார், எல்லாம் சரியா இருக்கு சார் என்று பழைய அளவில் வைத்துவிட்டுப் போனார். அவர் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் நான் போய் மறுபடி சிவப்பைக் கூட்டினேன். அது எனக்குச் சரியாகத் தெரிந்தது. எனக்கு மட்டும். பவளம் மெஷினைத் துடைத்துக்கொண்டே, "பத்து வருஷம் உழைச்சிருச்சுல்ல, இதுக்கு மேல இத இம்சை பண்ணக் கூடாதுங்க, புதுசு பாப்போம்," என்றாள். அவளே விசாரித்தாள், அவளே போன் போட்டாள். ஆபீஸில் வைக்கிற சின்ன மெஷினும் வேண்டாம், பெரிய பிரஸ்ஸில் ஓடுகிற ராட்சசனும் வேண்டாம், நம்ம மாதிரி கடைக்கென்று நடுவாந்திரமாக ஒன்று இருக்கிறதாம், கெட்டி அட்டையெல்லாம் போகுமாம் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்து காட்டினாள். அந்த நோட்டு இப்போது அவள் கைப்பைக்குள் இருக்கிறது. என் ஒரு பொய்க்கு அவள் இரண்டு மாசமாகப் பாடம் படித்திருக்கிறாள்.

வந்ததும் ஜெரால்டு இரண்டையும் சுற்றிக் காட்டினார். ஜன்னலோரத்து மெஷின் முந்நூற்றைம்பது ஜிஎஸ்எம் அட்டையை இழுக்கும், கல்யாணப் பத்திரிகை அட்டையிலேயே தடித்தது; நாலடி நீளத் தாளும் போகும், பேனர் மாதிரி. சுவரோரத்து மெஷின் முந்நூறோடு நின்றுவிடும், நீளத் தாளும் போகாது. ஆனால் அதற்குள் ஒரு கண் இருக்கிறது. அப்படித்தான் சொன்னார், கண் என்று. "தானே ஒரு சார்ட் அடிச்சு, தானே அத ஸ்கேன் பண்ணி, சிவப்பு ஏறியிருக்கா பச்சை இறங்கியிருக்கான்னு அளந்து சரி பண்ணிக்கும் சார். இனிமே ஆள் உக்காந்து கண்ணால பாத்துக் கலர் வைக்கிற வேலையே கிடையாது." கேட்டதும் எனக்கு அப்படி ஒரு ஆறுதல். ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்ளலாம் போல. அதே சமயம் காறித் துப்பலாம் போல. பவளம் சிரித்தாள். "அதெல்லாம் கண்ணு இல்லாதவங்களுக்கு சார். எங்களுக்கு எதுக்கு? இவுக பாக்காத கலரா? எங்களுக்கு அட்டை கெட்டியா போகணும், அதான். அந்த ஜன்னல் மெஷினோட வெலயச் சொல்லுங்க." கண்ணு இல்லாதவங்களுக்கு. தெரியாமல்தான் சொன்னாள். நான் தரையைப் பார்த்தேன். தரை சாம்பல், அது எனக்கு நன்றாகத் தெரிகிறது, சாம்பல் எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

முயற்சி பண்ணாமல் இல்லை. சுவரோரத்து மெஷின் சத்தம் கம்மி என்றேன். "கடைல பஸ் ஸ்டாண்டு சத்தத்துல இது என்ன கேக்கப் போகுது?" என்றாள். இடம் கம்மியாக அடைக்கும் என்றேன். ஜெரால்டு டேப் எடுத்து அளந்தார், நாலு விரல்கடை அதிகமாகத்தான் இருந்தது. சர்வீஸ் சுலபம் என்றேன். "ரெண்டுக்கும் ஒரே சர்வீஸ்தான் சார்," என்றார் ஜெரால்டு, பாவமாக. ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. அவள் என்னையே பார்த்தாள், எதற்கு இந்த மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடிக்கிறார் என்கிற பார்வை. அப்புறம் அவள்தான் சொன்னாள், சரி, ரெண்டுலயும் நம்ம படத்த அடிச்சுப் பாருங்க, கலர் எதுல நல்லா வருதுன்னு இவுக சொல்லட்டும், அதையே எடுத்துக்குவோம். நியாயமாகத்தான் சொன்னாள். எனக்கு மரியாதை கொடுத்துத்தான் சொன்னாள். அப்படித்தான் இந்த இரண்டு தாள் வந்தது, சூடாக, மேசை மேல், எனக்கு முன்னால்.

ஏதாவது ஒன்றைக் காட்டிவிட வேண்டும். எவ்வளவு நேரம் பார்ப்பது. வலது பக்கம் சுவரோரத்து மெஷின், அதைக் காட்டினால் கண் இருக்கிற மெஷின் வீட்டுக்கு வந்துவிடும், பொய்யும் பொய்யாகவே இருந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. மெஷின் அளந்துகொள்ளும், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். நல்லதுதானே. ஆனால் எது எந்த மெஷினில் வந்தது? ஜெரால்டு வைக்கும்போது சொன்னார், நான் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன், திரும்ப வைத்தேன். எந்தக் கையில் இருந்ததை எந்தப் பக்கம் வைத்தேன்? பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமா? திருப்பினால் தெரிந்துவிடும். பெண்ணின் உதட்டைப் பார். உதடு என்று தெரிகிறது, வடிவத்தால். கன்னத்தைப் பார். ஒன்றில் கொஞ்சம் கருக்கல் கூடவா? இல்லை, நிழல், என் தலை நிழல். இருபத்தாறு வருஷம் கலர் பார்த்தவன். முகூர்த்த நேரத்தில் மேடையில் நிற்கிற மாதிரி எல்லாரும் காத்திருக்கிறார்கள். "இது," என்கிறேன். விரல் வலது பக்கத் தாளில் இருக்கிறது. என் விரல்தான். "இதுதான் நல்லா வந்திருக்கு. முகம் தெளிவா இருக்கு. புடவைச் சிவப்பு சரியா நிக்குது."

பவளம் எட்டிப் பார்க்கிறாள். முதலில் சாதாரணமாக. அப்புறம் தாளை எடுத்து, இன்னொரு தாளையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் பிடிக்கிறாள். "இதுவா?" என்கிறாள். "இதுல மூஞ்சி பூரா செவந்துபோய்ல இருக்கு? அடிவாங்குன மாதிரி?" ஜெரால்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல மேடம், அது இந்த ஜன்னல் மெஷின்ல வந்தது, இன்னிக்குக் காலைல இன்னும் கலர் செட் பண்ணல, அதான் கொஞ்சம்... ஆனா சார் அனுபவத்துல சொல்றாரு, சில பேருக்குக் கொஞ்சம் தூக்கலாதான் பிடிக்கும்," என்று இழுக்கிறார். விற்பனைக்காரர் எனக்காகப் பொய் சொல்கிறார். அவருக்குக்கூட என் மேல் இரக்கம் வந்துவிட்டது. பவளம் தாளைப் பார்க்கவில்லை இப்போது. என் கண்ணைப் பார்க்கிறாள். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி, உள்ளே ஏதோ விழுந்துவிட்டதா என்று தேடுகிற மாதிரி. "சார், ரெண்டு டீ சொல்றீங்களா?" என்கிறாள், என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல். ஜெரால்டு போய்விட்டார். கதவு மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது.

"இதோ, இதுல புடவை என்ன கலரு?" மெதுவாகத்தான் கேட்டாள். அரக்கு என்று சொல்லலாம். எனக்கு விடை தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "தெரியல பவளம்." சொல்லிவிட்டேன். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை, ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. "எது தெரியல?" "செவப்பு. பச்சையும். மண்ணு மாதிரி இருக்கு ரெண்டும்." அவள் கை கைப்பையின் வாரை முறுக்கியது. "எப்ப இருந்து?" "நாலாம் மாசத்துல இருந்து." உதடு மட்டும் அசைந்தது, மாசத்தை எண்ணுகிறாள் என்று தெரிந்தது. "டாக்டர் மாசாமாசம் கேட்டாரே. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். தெரியுதுன்னீங்களே." நான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். "நான்தான் முந்திரிக்கொட்ட மாதிரி சூப்பராத் தெரியும்னேன்," என்றாள், அது என்னைப் பார்த்துச் சொன்னது இல்லை. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப நம்ம மெஷினு?" "அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் கலரக் கூட்டிக் கூட்டி வச்சேன்." அடிப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து ஜன்னலோரம் போய் அந்தப் பெரிய மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. அழுகிறாளா, தெரியவில்லை. எழுந்து போக வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும். "புதுசு வேணாம் பவளம். நம்ம மெஷினே போதும், பழைய அளவுல வச்சிருவோம், வீட்டுக்குப் போவோம்," என்றேன். திரும்பினாள். கண் ஈரமாக இருந்தது, குரல் ஈரமாக இல்லை. "மெஷின் இருக்கு. கலர் பாக்க ஆளு? டிசைன் போடுறது நானு, பில்லுப் போடுறது நானு, கலரும் நானே நின்னு பாக்கவா? ஒங்கள மாதிரி எனக்குப் பாக்க வருமா?" கடைசி வார்த்தையில்தான் குரல் உடைந்தது.

ஜெரால்டு டீயோடு வந்தார், எங்கள் முகத்தைப் பார்த்ததும் தட்டைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க சார்," என்றாள் பவளம். "அந்தத் தானா அளக்குறது, அதையே போடுங்க. கெட்டி அட்டை போகாட்டிப் பரவால்ல." அவ்வளவுதான். முடிந்தது. எந்த மெஷின் வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேனோ அதே மெஷின் வருகிறது, அது எனக்குப் பதிலாக வருகிறது. ஜெரால்டு சந்தோஷப்படுவதா கூடாதா என்று தெரியாமல் தலையாட்டினார். "மதியம் இங்கயே கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள் என்னிடம், பதிலுக்குக் காத்திருக்காமல். "சரியாகிருமா?" என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும்," என்றாள். டீ சூடு குறைந்துகொண்டிருந்தது. டீ எனக்கு டீயாகவே தெரிந்தது.

பிறகு அவள் ஜெரால்டிடம், மெஷின் எதை வச்சு அளக்குதுன்னீங்களே, அந்தச் சார்ட்டை ஒண்ணு அடிச்சுக் குடுங்க என்றாள். சுவரோரத்து மெஷின் முனகிவிட்டு ஒரு தாளைத் துப்பியது. தாள் நிறையக் கட்டங்கள், சதுரம் சதுரமாக, வரிசை வரிசையாக. அவள் அதை என் முன்னால் வைத்து, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "டாக்டருக்குக் காட்டணும். எது தெரியுது எது தெரியலன்னு ஒழுங்காச் சொல்லுங்க. ஒளிக்காதீங்க." முதல் கட்டத்தில் விரலை வைத்தாள். நீலம் என்றேன். டிக் போட்டாள். அடுத்தது கரு நீலம். டிக். மஞ்சள். டிக். அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது, எனக்கும்தான், எல்லாமே போய்விடவில்லை, இவ்வளவு இருக்கிறதே என்று. இரண்டாவது வரிசை. "இது?" மண்ணு. பெருக்கல் குறி. "இது?" அதுவும் மண்ணு, கொஞ்சம் காஞ்ச மண்ணு. பெருக்கல். "இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியுதா?" இல்லை. பேனா ஒரு நொடி நின்றது, நகர்ந்தது. ஜெரால்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசை, நாலாவது வரிசை. நான் பொய் சொல்லவில்லை, ஒன்றுகூடச் சொல்லவில்லை, ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்து உள்ளதைச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் அவள் குறி போட்டாள், கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. கடைசி வரிசைக்கு வந்தோம். விரலை வைத்தாள். நான் குனிந்து பார்த்தேன், கண்ணைச் சுருக்கினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன், இன்னும் கொஞ்சம் குனிந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பெருக்கல் குறி போட்டுவிட்டு விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்திவிட்டாள்.